சற்று முன் கண்டது: விலங்கின் நினைவை அளந்த வரலாறு

நாய்க்கு நினைவு உண்டா என்று எவரேனும் கேட்டால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். ஆண்டுகள் பல கழித்து வீடு திரும்பிய எசமானனை நாய் அடையாளம் கண்டுகொண்டதும், தனக்குத் தீங்கிழைத்தவனை யானை மறவாமல் இருந்ததும் நாம் பாட்டிமார் வாயிலாகச் சிறு பிராயத்திலேயே கேட்டுவிட்ட செய்திகள். ஆயின் இங்கே நாம் எடுத்துக்கொண்டது அந்த நினைவு அன்று. அது நெடுநாள் நினைவு; களஞ்சியத்தில் கொட்டிவைத்த நெல் போன்றது. நாம் பேச எடுத்துக்கொண்டதோ, உள்ளங்கையில் ஏந்திய நீர் போன்ற நினைவு. கையில் இருக்கும் காரியத்திற்காக, அந்தக் காரியம் முடியும் வரையில் மாத்திரமே மனம் தாங்கி நிற்கும் நினைவு. காரியம் முடிந்ததும் அது சிந்திப் போகும், போகவும் வேண்டும். ஆங்கிலத்தில் இதனை வொர்க்கிங் மெமரி என்பர். தமிழில் செயல் நினைவு எனலாம்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. காய்கறிக் கடையில் நின்று வாய்க்கணக்குப் போடுகிறோம். கத்தரிக்காயின் விலையையும் வெண்டைக்காயின் விலையையும் கூட்டி, மீதி எண்ணை மனத்தில் நிறுத்தி, அதனோடு அடுத்ததைச் சேர்க்கிறோம். நடுவில் யாரோ ஒருவர் பேச்சுக் கொடுத்துவிட்டால் கணக்கு சிதறிப் போகிறது. அந்தச் சிதறிப் போன பொருள்தான் செயல் நினைவு. நம் நாட்டு அவதானக் கலை முழுவதும் இந்த ஒரு சக்தியின்மேல் எழுப்பிய மாளிகையே. முதுகில் எறியும் கற்களையும் அடிக்கும் மணியோசையையும் எண்ணிக்கொண்டே, ஒருவர் கொடுத்த ஈற்றடிக்கு வெண்பாவும் பாடி முடிக்கும் அவதானிகளைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பெயரைக் கேளாத தமிழர் அரியர். முதுகில் விழுந்த கற்கள் எத்தனை என்று இறுதியில் அவரைக் கேட்டுச் சரிபார்த்தார்கள். கேட்டால் அவர் சொல்வார். ஆகவே அவர் மனத்தில் அந்த எண் நின்றது என்பதில் ஐயமில்லை.

விலங்கு சொல்லாதே! சங்கடம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பிராணி சற்று முன் கண்ட ஒன்றை, அது கண்முன் இல்லாதபோதும், மனத்தில் ஏந்தி நிற்கிறதா? நிற்கிறது என்றால் எவ்வளவு நேரம்? இந்தக் கேள்விக்கு விடை தேடி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மனிதர்கள் பெட்டிகள் செய்தார்கள், புதிர்ப்பாதைகள் அமைத்தார்கள், விளக்குகளை ஏற்றி அணைத்தார்கள். அந்த வரலாறு விநோதமானது மாத்திரம் அன்று. அதன் நடுவில், விலங்குகளைப் பற்றிய ஒரு சோதனை மனிதர் பல்லாயிரம் பேரின் தலையெழுத்தோடு பிணைந்துகொண்ட துயரமும் உண்டு.

அமெரிக்க நாட்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் ஹண்ட்டர் என்ற இளைஞர் தமது ஆராய்ச்சியை 1913-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தாமதித்த எதிர்வினை என்று அதற்குப் பெயர். சோதனை இத்தகையது. கண்ணாடிக் கூண்டு ஒன்றில் பிராணியை அடைத்து வைக்கிறார்கள். எதிரே 3 அறைகள். மூன்றில் ஏதேனும் ஒன்றில் விளக்கு எரியும். எரியும் அறைக்குப் போனால் தீனி உண்டு, மற்றவற்றில் இல்லை. முதலில் பிராணி இதைக் கற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகே உண்மையான சோதனை. விளக்கை ஏற்றுகிறார்கள், அணைத்துவிடுகிறார்கள். பிராணியோ இன்னும் கூண்டுக்குள் இருக்கிறது. சில விநாடிகள் கழித்துக் கதவைத் திறக்கிறார்கள். இப்போது மூன்று அறைகளும் ஒன்றுபோல் இருண்டு கிடக்கின்றன. எதற்குப் போவது என்பதைக் கண் காட்டாது. சற்று முன் கண்டதுதான் காட்ட வேண்டும். தாமதத்தைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டே போய், எந்த இடத்தில் பிராணி தடுமாறுகிறது என்று பார்ப்பதே அளவு.

ஹண்ட்டர் 22 எலிகளையும், 2 நாய்களையும், 4 ரக்கூன்களையும், 5 குழந்தைகளையும் இவ்விதம் சோதித்தார். ரக்கூன் என்பது அமெரிக்கக் காடுகளில் வாழும் ஒரு விலங்கு. முகத்தில் கறுப்புப் பட்டை உடையது. முன்னங்கால்களைக் கைபோல் பயன்படுத்தும் திறமைசாலி. அவருக்குக் கிடைத்த உச்ச அளவுகள் இவை: எலி 10 விநாடி, ரக்கூன் 25 விநாடி, நாய் 5 நிமிஷம், ஏறக்குறைய 6 வயதுக் குழந்தை 25 நிமிஷம். படிக்கட்டுப் போல் அடுக்கிய இந்த எண்கள் எத்தனையோ பாடநூல்களில் ஏறின. எலிக்கு மேல் ரக்கூன், அதற்கு மேல் நாய், எல்லாவற்றிற்கும் மேல் மனிதக் குழந்தை என்று உயிர்களின் வரிசையை விநாடிக் கணக்கில் காட்டிவிட்டதாகப் பலர் மகிழ்ந்தார்கள்.

ஆனால் ஹண்ட்டரின் நூலில் நம் மனத்தைக் கவர்வது அந்த எண்கள் அல்ல. அவர் கண்ணால் கண்டு எழுதிவைத்த வேறொன்று. எலியும் நாயும் விளக்கு எரிந்த திக்கை நோக்கித் தலையையோ உடலையோ திருப்பி, தாமதம் முடியும் வரை அப்படியே நின்றன. கதவு திறந்ததும் மூக்கு எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கம் ஓடின. இடையில் உடல் திரும்பிவிட்டால் விடையும் தவறிப் போயிற்று. அப்படியானால் நினைவைத் தாங்கி நின்றது மனமா, கழுத்தா? ஊருக்குப் புறப்படும்போது மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டிய பையை நாம் வாசற்படியிலேயே வைத்துவிடுவது போன்ற தந்திரம் இது. பை நினைவூட்டுகிறது, நாம் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. ரக்கூனும் குழந்தையும் அப்படியல்ல. இடையில் அங்கும் இங்கும் திரும்பினாலும், கூண்டுக்குள் உலாவினாலும், கதவு திறந்ததும் சரியான அறைக்கே சென்றன. ஆகவே 25 விநாடி தாங்கிய ரக்கூன், 5 நிமிஷம் நின்ற நாயைவிட மேலான காரியத்தைச் செய்தது என்று ஹண்ட்டர் கொண்டார். இல்லாத பொருளுக்கு ஈடாக ஏதோ ஒன்று அதன் உள்ளே நின்றிருக்க வேண்டும் என்பது அவர் துணிபு. விலங்கின் மனத்தைப் பற்றிப் பேசுவதே குற்றம் என்னும் கொள்கை அமெரிக்க உளநூலாரிடையே தலையெடுத்த ஆண்டும் அந்த 1913 தான் என்பதை எண்ணும்போது, அவரது துணிவு சிறியதன்று.

நீண்ட நேரம் நின்றதே பெரிய நினைவு என்று கொள்ளலாகாது என்பதை இந்த முதல் சோதனையே காட்டிவிட்டது. பாடநூல் எழுதியவர்கள் எண்களை எடுத்துக்கொண்டு இதனை விட்டுவிட்டார்கள் என்பது நம் குறை.

அதே ஆண்டுகளில், ஸ்பெயினுக்குரிய டெனெரிஃப் தீவில், வுல்ஃப்காங் கேலர் என்ற ஜெர்மானியர் சிம்பன்சிக் குரங்குகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் பெட்டியும் விளக்கும் தேடவில்லை. குரங்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழத்தை மணலில் புதைத்து மூடினார். ஓர் இரவு கழிந்த பின்னரும் சிம்பன்சி நேரே அவ்விடம் சென்று தோண்டியது. 10 விநாடி, 25 விநாடி என்ற பேச்சு எங்கே, ஓர் இரவு எங்கே! பிராணிக்கு இயல்பான முறையில் கேள்வி கேட்டால் விடையின் அளவே மாறிவிடுகிறது.

பின்னர் 1928-ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் டிங்கிள்பா என்பவர் செய்த சோதனை, இந்த வரலாற்றிலேயே அழகானது என்பது நம் கருத்து. குரங்கின் கண்ணெதிரே 2 கிண்ணங்களில் ஒன்றின்கீழ் வாழைப்பழத் துண்டை வைத்தார். இடையே பலகையால் மறைத்தார். மறைவில் பழத்தை எடுத்துவிட்டு லெட்டூஸ் கீரையை வைத்தார். லெட்டூஸும் அந்தக் குரங்கு மற்ற வேளைகளில் விரும்பித் தின்னும் உணவுதான். பலகை நீங்கியதும் குரங்கு ஓடிவந்து சரியான கிண்ணத்தைத் தூக்கியது, கையை நீட்டியது, நீட்டிய கை நின்றது. கீரையைத் தொடாமல் கிண்ணத்தின் உள்ளும் புறமும் சுற்றுமுற்றும் தேடியது. சில வேளைகளில் அங்கிருந்தவர்களை நோக்கிக் கோபமாகக் கத்தவும் செய்தது. அது தாங்கி நின்றது ‘வலப்பக்கம்’ என்ற திசை மாத்திரம் அன்று. ‘வாழைப்பழம்’ என்ற பொருளும் அதன் உள்ளத்தில் நின்றது. கழுத்தைத் திருப்பி வைத்து இதைச் சாதிக்க முடியாது.

இத்தகைய பரிசோதனைகளில் பெரும்பாலும் பயன்பட்ட குரங்கு எது என்பதை நம் நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கோ, கான்பூருக்கோ, காசிக்கோ வந்து குடியேறியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நம் ஊர்க் கோயில் கோபுரங்களில் தாவும் குரங்குக்கு நீண்ட வால். உச்சியில் வகிடெடுத்தது போன்ற தலைமயிர். இங்கே மாடியில் உலர்த்திய துணியை இழுத்துச் செல்லும் குரங்கோ வேறு சாதி. வால் குட்டையானது, முகமும் பின்புறமும் சிவந்தவை. இந்த வடநாட்டுச் செம்முகக் குரங்குதான் ரீசஸ் என்ற பெயரால் உலகமெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் புகுந்தது. 1938-இல் சுமார் 400 குரங்குகள் இந்தியாவிலிருந்து கப்பலேறி, போர்ட்டோ ரிக்கோவை அடுத்த கயோ சாந்தியாகோ என்னும் சிறு தீவில் குடியேற்றப்பட்டன. 1950-களில் இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து செய்வதற்கு இவற்றின் சிறுநீரகம் வேண்டியிருந்தபோது ஏற்றுமதி பெருகியது. 1978-இல் இந்திய அரசாங்கம் குரங்கு ஏற்றுமதியை அறவே நிறுத்தியது. ஆகவே அமெரிக்க நாட்டு நூல்களில் ‘குரங்கின் நினைவு’ என்று படிக்கும்போது, அவற்றுள் பல கங்கைக்கரைக் குரங்கின் நினைவே என்று கொள்ளலாம். மீரட் நகரத்து உளநூல் ஆராய்ச்சியாளர் சிவதான் சிங் 1960-களில் நகரத்துக் குரங்கையும் காட்டுக் குரங்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கடைத்தெருவில் வளர்ந்த குரங்கு துணிச்சலிலும் சண்டையிலும் முந்தியது. கற்கும் திறமையில் முந்தவில்லை. நகரவாசிகளாகிய நாம் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நலம்.

இனித் துயரமான பகுதிக்கு வருவோம். யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபுல்டன் என்பவரின் கூடத்தில், 1930-களின் நடுவில், கார்லைல் ஜேக்கப்ஸன் என்னும் ஆராய்ச்சியாளர் மூளையின் முன்பகுதி எதற்கு உதவுகிறது என்று அறிய முயன்றார். நெற்றிக்குப் பின்னே இருக்கும் அந்தப் பகுதியை நீக்கினாலும் பிராணி பார்க்கும், கேட்கும், நடக்கும், தின்னும். பின் அது எதற்குத்தான் இருக்கிறது? ஜேக்கப்ஸன் ஹண்ட்டரின் சோதனையைக் கையாண்டார். 2 கிண்ணங்களில் ஒன்றின்கீழ் தீனியை வைத்துக் காட்டி, திரையை இறக்கி, சில விநாடி கழித்து உயர்த்தினார். மூளையின் இருபுற முன்பகுதியையும் இழந்த குரங்குகளும், பெக்கி, லூஸி என்ற 2 சிம்பன்சிகளும், இந்த எளிய காரியத்தில் தோற்றன. வேறு பழக்கங்கள் கெடவில்லை. எதிரில் தெரியும் பொருளைக் கொண்டு தீர்க்கக்கூடிய புதிர்களைத் தீர்த்தன. கண்ணுக்கு மறைந்த உடனே பொருள் மனத்துக்கும் மறைந்தது. செயல் நினைவுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்பதற்கு இதுவே முதற்சான்று.

அவ்வளவோடு நின்றிருக்கலாம். ஆனால் ஜேக்கப்ஸன் மற்றொன்றையும் குறித்திருந்தார். பெக்கி என்னும் சிம்பன்சி அறுவைக்கு முன் தவறான கிண்ணத்தைத் தொட்டுவிட்டால் ஆத்திரம் கொண்டு தரையில் புரண்டு ரகளை செய்யும். அறுவைக்குப் பின் எத்தனை தவறு செய்தாலும் கவலையே இல்லாமல் இருந்தது. லூஸி என்பதிடம் இத்தகைய சாந்தம் வந்ததாகக் காணப்படவில்லை. 1935-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் லண்டன் நகரில் கூடிய நரம்பியல் மாநாட்டில் இச்செய்தி கூறப்பட்டது. கேட்டிருந்தவர்களுள் போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ் ஒருவர். மனிதருடைய மனக்கவலைக்கும் இதே முறையில் பரிகாரம் காணலாகாதா என்று அவர் எழுந்து கேட்டதாக ஃபுல்டன் பின்னாளில் எழுதினார். மோனிஸின் உள்ளத்தில் அந்த எண்ணம் முன்பே இருந்தது என்று கருதுவோரும் உளர். எப்படியாயினும், அதே ஆண்டு நவம்பரில் லிஸ்பன் நகரில் மனநோயாளி ஒருவரின் மூளை முன்பகுதியில் முதல் சிகிச்சை நடந்துவிட்டது. மறு ஆண்டே அமெரிக்காவில் வால்ட்டர் ஃப்ரீமன், ஜேம்ஸ் வாட்ஸ் என்ற இருவர் அதைப் பின்பற்றினர். லோபாட்டமி என்ற பெயரோடு அது பல நாடுகளில் பரவியது. 1949-இல் மோனிஸுக்கு நோபெல் பரிசும் கிடைத்தது.

பல்லாயிரம் பேர் இந்தச் சிகிச்சைக்கு உள்ளானார்கள். சிலர் அமைதி பெற்றார்கள் என்பது உண்மை. பெற்ற அமைதி எத்தகையது? உலைமேல் சோற்றை ஏற்றிவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் நிற்கும் அமைதி. எண்ணிய ஒன்றை, அது முடியும் வரையில் ஏந்தி நிற்க இயலாத அமைதி. ஆராய்ச்சியின் முதன்மையான முடிவு, குரங்கு தாமதச் சோதனையில் தோற்றது என்பது. அதாவது, ஒரு சக்தி போயிற்று என்பது. சோதனைக்கு வெளியே, ஒரே ஒரு சிம்பன்சியிடம் கண்ட குணமாறுதலை உலகம் பெரிதாக எடுத்துக்கொண்டது. விநாடிக் கணக்கில் கிடைத்த கெட்ட செய்தியை ஒருவரும் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லவில்லை. 1950-களில் மனநோய்க்கு மருந்துகள் வந்த பிறகே இந்தக் கத்தி மெல்ல மெல்லக் கீழே வைக்கப்பட்டது.

ஜேக்கப்ஸனின் முடிவிலும் பின்னர் ஒரு நுட்பம் வெளிப்பட்டது. 1942-இல் ராபர்ட் மால்மோ என்பவர், முன்மூளை இழந்த குரங்குகளைக் காத்திருக்கும் நேரத்தில் இருட்டில் வைத்துப் பார்த்தார். அவை வெளிச்சத்தில் இருந்ததைவிட நன்றாக விடை கூறின! ஆகவே நினைவு அடியோடு அழிந்துவிடவில்லை. கண்ணில் படும் மற்றவை அதைக் கலைத்துவிடுகின்றன. கடையில் நம் வாய்க்கணக்கைக் கலைத்த அந்தப் பேச்சு நினைவிருக்கிறதல்லவா? ஏந்துவது ஒரு திறமை. கலையாமல் காப்பது மற்றொரு திறமை. விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ 1938 முதல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த தட்டும் திரையும் கொண்ட சாதனம், இத்தகைய நுட்பங்களை எங்கும் ஒரே விதமாகச் சோதிக்க வழி செய்தது.

இதற்கிடையில் புறாவும் வந்து சேர்ந்தது. 1959-இல் டொனால்டு பிளௌ என்பவர், சற்று முன் காட்டிய ஒளி நின்று எரிந்ததா, துடித்து எரிந்ததா என்பதைச் சில விநாடி கழித்துப் புறா பொறுக்கிக் காட்டுமாறு பழக்கினார். சில புறாக்கள் 10 விநாடித் தாமதத்தையும் தாண்டின. எப்படி? காத்திருக்கும் நேரத்தில் ஒருவகை ஒளிக்கு ஒருவித அசைவும், மற்றொன்றுக்கு வேறொரு விதமும் அவை செய்துகொண்டே இருந்தன. ஹண்ட்டரின் நாய் கழுத்தைத் திருப்பியதுதான்! 46 ஆண்டுகள் கழித்துப் புறா அதே தந்திரத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. ஏமாந்தது ஆராய்ச்சியாளரா, பிராணியா என்று கேட்கத் தோன்றுகிறது. நாமும் தொலைபேசி எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டுதானே எழுதுகோல் தேடுகிறோம்? அதை மோசடி என்று ஒருவரும் சொல்வதில்லை.

செயல் நினைவு என்ற பெயரே 1960-இல்தான் பிறந்தது. மில்லர், காலண்ட்டர், பிரிப்ராம் என்ற மூவர் எழுதிய நூலில் அது முதலில் வழங்கியது. மூவருள் பிரிப்ராம் குரங்கின் முன்மூளையை ஆராய்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1974-இல் பிரிட்டனில் பேட்லியும் ஹிட்ச்சும் மனிதருடைய செயல் நினைவுக்கு விரிவான விளக்கம் தந்தபின் பெயர் நிலைத்தது. 1971-இல் அமெரிக்காவில் ஃபுஸ்டரும் அலெக்ஸாண்டரும், ஜப்பானில் குபோட்டாவும் நிக்கியும், குரங்கின் முன்மூளையில் தனித்தனி நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். காட்டிய பொருள் மறைந்த பிறகும், விடை கூறும் வேளை வரும் வரையில், சில அணுக்கள் ஓயாமல் துடித்துக்கொண்டே இருந்தன. 1989-இல் ஃபுனஹாஷி, புரூஸ், பெட்ரிஷியா கோல்ட்மன்-ராக்கிஷ் ஆகியோர் குரங்கின் கண் அசையாமல் நடுப்புள்ளியையே நோக்கும்படி பழக்கிவிட்டு, சுற்றிலும் 8 இடங்களில் ஒன்றில் ஒளியைக் காட்டி மறைத்தார்கள். சில விநாடி கழித்தே குரங்கு கண்ணை அங்கே திருப்பலாம். கழுத்தும் திரும்பவில்லை, கண்ணும் திரும்பவில்லை. அப்படியிருந்தும் இன்ன இடத்துக்கு இன்ன அணு என்று துடிப்பு நின்றது. ஹண்ட்டரை வருத்திய ஐயத்துக்கு 76 ஆண்டுகளுக்குப் பின் குரங்கின் அளவில் விடை கிடைத்தது.

எலியின் அளவில்? அதற்கு 10 விநாடி என்ற முத்திரை விழுந்திருந்ததல்லவா? 1976-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து டேவிட் ஓல்ட்டனும் ராபர்ட் சாமுவேல்ஸனும் அந்த முத்திரையை உடைத்தார்கள். அவர்கள் அமைத்த புதிர்ப்பாதை வண்டிச் சக்கரம் போன்றது. வட்டை இல்லாமல் குடமும் ஆரங்களும் மட்டும் உள்ள சக்கரம் என்று கொள்க. நடுவில் மேடை; அதிலிருந்து 8 பாதைகள்; ஒவ்வொன்றின் கோடியிலும் ஒரு சிறு தீனி. ஒருமுறை தின்றால் அன்று மீண்டும் வைப்பதில்லை. ஆகவே சென்ற பாதைக்கே மறுபடி செல்வது வீண். எங்கெங்கே போய் வந்தோம் என்பதை எலி மனத்தில் வைத்திருந்தால்தான் அலைச்சல் மிஞ்சும். கண்ணை மூடிக்கொண்டு 8 முறை தேர்ந்தெடுத்தால் சராசரியாக 5 வெவ்வேறு பாதைகளுக்குச் சற்று அதிகமாகவே கிடைக்கும். பழகிய எலிகளோ 7-க்கும் மேலான புதிய பாதைகளை எட்டின.

ஐயப்படுவோர் உடனே கேட்டார்கள்: எலி தன் வாசனையை மோந்து கண்டுகொண்டிருக்கலாமே? ஓல்ட்டன் இதையும் எண்ணியிருந்தார். சவரம் செய்தபின் முகத்தில் தடவும் நறுமண நீரைப் பாதையெங்கும் தெளித்தார். அந்த மணத்தில் வேறு எந்த மணமும் மூழ்கிப் போகும். எலிகள் தடுமாறவில்லை. வரிசையாக அடுத்தடுத்த பாதைக்குப் போகும் எளிய உபாயத்தையும் அவை நம்பியிருக்கவில்லை. அறையில் உள்ள பொருள்களைக் கொண்டு இடங்களை அடையாளம் வைத்திருந்தன. பின்னர் 1980-இல் பீட்டி, ஷவாலியா என்ற இருவர், 4 பாதைகள் முடிந்ததும் எலியை வெளியே எடுத்துவிட்டு, நெடுநேரம் கழித்துத் திரும்ப விட்டார்கள். 4 மணி நேரம் சென்ற பிறகும் எலி மீதி 4 பாதைகளைப் பெரும்பாலும் பிழையின்றித் தேர்ந்தது.

10 விநாடி எங்கே, 4 மணி எங்கே! எலி மாறவில்லை; கேள்வி மாறியது. ஓரிடத்தில் தின்று தீர்த்துவிட்டு வேறிடம் தேடுவது எலிக்குப் பிறவித் தொழில். விளக்கு எரிந்து அணைந்த அறையை நினைவில் வைப்பது அதன் வாழ்வில் என்றும் நேராத காரியம்.

ஆனால் இந்த வெற்றியோடு சொல்லில் ஒரு குழப்பமும் புகுந்தது. 4 மணி நேரம் நிற்பதைச் செயல் நினைவு என்று சொல்லலாமா? ஹோனிக், ஓல்ட்டன் முதலியோர், இன்றைய ஒரு முறைக்கு மட்டும் பயன்பட்டு அடுத்த முறைக்கு உதவாமற்போகும் நினைவு எதுவாயினும் அது செயல் நினைவே என்று இலக்கணம் வகுத்தார்கள். மனிதரை ஆராய்வோர் அப்பெயரால் குறிப்பது, கவனத்தின் முன்னே நின்று சில விநாடிகளில் கலையும் ஒன்றை. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. எலிக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து நினைவை வளர்க்கிறது என்று படித்தால், எந்த நினைவை என்று கேட்டுவிட்டே மகிழ வேண்டும். எலியின் 4 மணியையும் குரங்கின் சில விநாடியையும் ஒரே அளவுகோலில் வைப்பது, படியால் அளந்த நெல்லையும் முழத்தால் அளந்த பூவையும் கூட்டுவது போலாகும்.

முதுகெலும்பே இல்லாத தேனீயும் இந்தச் சபையில் இடம்பெற்றது. பெங்களூரில் பயின்று ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி நடத்திய மண்டயம் ஸ்ரீநிவாசனும், ஜூர்ஃபா, ஷாவூ ஜாங் முதலியோரும், வாயிலில் கண்ட நிறம் எதுவோ அதே நிறமுள்ள வழியைத் தேர்ந்தெடுக்கும்படி தேனீக்களைப் பழக்கிய செய்தி 2001-இல் வெளியாயிற்று. 2005-இல் அக்குழுவினர் மேலும் ஒரு படி சென்றார்கள். தேனீயை நிறுத்திவைத்துக் கதவைத் திறப்பது நடவாத காரியம். ஆதலால் அது பறக்கும் சுரங்க வழியின் நீளத்தைக் கூட்டினார்கள். தூரமே தாமதம் ஆயிற்று. ஏறக்குறைய 5 விநாடி வரையில் தேனீ தான் கண்டதைத் தாங்கிப் பறந்தது. அதற்குமேல் நினைவு கலைந்தது. எள்ளளவு மூளைக்கு 5 விநாடி சிறிதன்று. பூவுக்குப் பூ தாவும் அதன் வாழ்க்கைக்கு அதுவே போதும் போலும்.

இறுதியாக, நம்மையே நாணச் செய்த ஒரு சோதனை. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்துக்கு உரிய குரங்கியல் கூடத்தில், 2000-ஆம் ஆண்டில் ஆயுமு என்ற சிம்பன்சி பிறந்தது. அதன் தாய் ஆய் எண்களைக் கற்றது. மகனும் திரையில் தோன்றும் எண்களை 1, 2, 3 என்று வரிசையாகத் தொடக் கற்றுக்கொண்டது. பேராசிரியர் மட்சுஸாவாவும் இனோவேயும் 2007-இல் வெளியிட்ட சோதனையில், 5 எண்கள் திரையில் சிதறலாகத் தோன்றி, ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே நின்று, வெள்ளைக் கட்டங்களாக மறைந்தன. எந்தக் கட்டத்தில் எந்த எண் இருந்தது என்று நினைவிலிருந்து வரிசையாகத் தொட வேண்டும். ஆயுமு 100-க்கு ஏறக்குறைய 80 முறை சரியாகச் செய்தது. பல்கலைக்கழக மாணவர்கள் 40 முறையே எட்டினார்கள். குரங்கு மனிதனை வென்றது என்று செய்தித்தாள்கள் எழுதின.

ஆயினும் ஆயுமு சிறு குட்டியாக இருந்தபோதே இந்த விளையாட்டைத் தொடங்கியது; மாணவர்களோ அன்று வந்து அன்று ஆடியவர்கள். 2009-இலும் 2010-இலும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், மனிதர்களுக்கும் நெடும்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயின்ற மனிதர்கள் ஆயுமுவின் எண்ணிக்கையை எட்டிவிட்டார்கள். ஹண்ட்டரின் நாட்களில் நாய்க்கும் குழந்தைக்கும் பயிற்சி சமமாக இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரது 25 நிமிஷமும் 5 நிமிஷமும் இன்னும் சில பாடநூல்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகிக்கொண்டுதான் இருக்கின்றன.